உங்க ஓ.சி. ஒரு மேரி சூவா? ஒரு கப் காபி சொல்லிடும்!

பிடிச்ச தொடரோட ஆளுங்களை வச்சு ரசிகர்களே எழுதுற கதைதான் ஃபேன் ஃபிக்‌ஷன். அதுல மூலக்கதையில இல்லாம நாமளே உருவாக்குற கதாபாத்திரம் ஓ.சி. (ஒரிஜினல் கேரக்டர்). இப்போ ஒரு ஓ.சி.யைப் பாருங்க. பதினைந்தரை வயசு. படையிலேயே இளைய லெப்டினன்ட். பாத்த நிமிஷமே கேப்டன் கிர்க்குக்கு அவ மேல காதல். அவ மறுத்ததும், "உன் மேல மரியாதை கூடுது, ஒரு நிமிஷம் கப்பலைப் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு கேப்டன் காபி எடுக்கப் போறாரு! தர்க்கமே உயிரான அதிகாரி ஸ்பாக் வந்து அவ தர்க்கத்தைப் பாராட்டுறாரு. கடைசியில அவ சாகுறா. இன்னிக்கும் எண்டர்பிரைஸ்ங்கிற அந்த விண்கப்பல்ல அவ பிறந்தநாள் விடுமுறை.

இதுதான் மேரி சூ. 1973-ல ஸ்டார் ட்ரெக்ங்கிற விண்வெளித் தொடரோட ரசிகை பாலா ஸ்மித், அப்போ ரசிகர் இதழ்களுக்கு வந்து குவிஞ்ச கதைகளைக் கிண்டல் பண்ணி எழுதின குட்டிக் கதை. ஓ.சி. எங்க சறுக்கும்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்டல.

முதல்ல ஃபேன் ஃபிக்‌ஷன் வகைகளை வேகமா முடிச்சிடலாம். ஆளுங்க அதே, உலகம் வேறன்னா ஏ.யூ. (ஆல்டர்நேட் யுனிவர்ஸ்). ஸ்பாக் காலேஜ் வாத்தியார்னா அது ஏ.யூ. மூலக்கதையில ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் மாத்தி, அதோட விளைவைத் தொடர்ந்து போனா கேனன் டைவர்ஜென்ஸ் (கேனன்னா மூலக்கதை). 1982 ஸ்டார் ட்ரெக் படத்துல செத்த ஸ்பாக்கைக் காப்பாத்தினா ஃபிக்ஸ்-இட். ரெண்டு உலகம் சந்திச்சா கிராஸ்ஓவர். சரியா 100 வார்த்தைன்னா டிராபிள். 101 ஆனா டிராபிள் இல்ல. ஒருத்தருக்கு அடிபட்டு இன்னொருத்தர் பாத்துக்கிட்டா ஹர்ட்-கம்ஃபர்ட். இதுல அடியை ரெண்டு பாரால முடிச்சிட்டு ஆறுதலை இருபது பக்கம் எழுதினா சலிச்சிடும். வலி எவ்வளவோ அவ்வளவுதான் ஆறுதலும் எடுபடும்.

இப்போ அந்தக் காபிக்கு வருவோம். மேரி சூ அழகா இருக்கிறதோ திறமைசாலியா இருக்கிறதோ தப்பே இல்ல. கிர்க்கும் திறமைசாலிதானே? கப்பலை உயிரா நினைக்கிற கேப்டன், முன்பின் தெரியாத பொண்ணு கையில அதைக் குடுத்துட்டுக் காபிக்குப் போறாரு பாருங்க, அங்கதான் கதை உடையுது. வாசகர் தேடி வந்த கிர்க் அந்த இடத்துல காணாமப் போயிட்டாரு.

அப்போ ஓ.சி.யே வேண்டாமா? கண்டிப்பா வேணும்! எண்டர்பிரைஸ்ல சுமார் 430 பேர். நமக்கு நல்லாத் தெரிஞ்சவங்க ஏழெட்டுப் பேர். மீதி எல்லாரும் உங்களுக்குத்தான்.

ஒரு ஓ.சி.யை இப்பவே செஞ்சு பாப்போம். கீழ்த்தளக் கிடங்குல கணக்குப் பாக்குற பொண்ணு. முதல்ல வேலையைக் குடுங்க, கண்ணு நிறம் அப்புறம். அவளுக்கு ஒரு பலம்: கிடங்குல எது எங்க இருக்குன்னு மனப்பாடம். அந்தப் பலத்துக்கு ஒரு விலை: விதியைத் தாண்ட அவளுக்குக் கை வராது. ஒரு ஆசை: ஆய்வுக்கூடத்துக்கு மாறணும், அதுக்கு ஸ்பாக் சம்மதம் வேணும். 'முடியாது'ன்னு மூலக்கதை ஆளே சொல்லக்கூடிய ஆசையா இருந்தா மோதல் தானா வரும்.

இப்போ காட்சி. ஸ்பாக் அவசரமா ஒரு கருவி கேக்குறாரு. "கையெழுத்து இல்லாமத் தர முடியாது சார்." அவர் பாராட்டல, கோபப்படவும் இல்ல. ஒரு புருவம் மட்டும் உயருது. திரும்பிப் போய்க் கையெழுத்தோட வர்றாரு. அதுக்குள்ள நாலு நிமிஷம் போச்சு, மேல ஒருத்தர் நிலைமை மோசமாயிடுச்சு. ஸ்பாக் ஸ்பாக்காவே இருக்காரு, அவளுக்கும் ஒரு பாரம் விழுந்தாச்சு. இனி மாற்றலை எந்த முகத்தோட கேப்பா? அடுத்த அத்தியாயம் ரெடி.

எழுதி முடிச்சதும் ஓ.சி.யைத் தூக்கிட்டுப் படிங்க. கதை அப்படியே ஓடுதா? அவ தேவையே இல்ல. அவ போனதும் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் புத்தி திரும்பி வருதா? அது மேரி சூ. அவங்க பேசுற வசனத்தை முதல்ல திருத்துங்க, அவளை அப்புறம் பாத்துக்கலாம்.

உங்க ஓ.சி.க்கு என்ன வேலை, யாரு அவங்களுக்கு 'முடியாது'ன்னு சொல்லுவாங்க? கமெண்ட்ல ரெண்டே வரி போடுங்க மக்களே.