ஒரு குமிழ்கூட இல்லை!

வணக்கம் மக்களே! முதலில் இதைப் பாருங்கள். விளக்குக்கு நேராகத் திருப்புகிறேன். எங்கேயாவது குமிழ் தெரிகிறதா? தெரியாது! போன வீடியோவில் அழுக்கேறி, வார்னிஷ் வெடித்துக் கிடந்ததே, அதே பழைய மூங்கில் தூண்டில் கோல்தான் இது.

வார்னிஷ் டப்பாவைக் குலுக்காதீர்கள் என்று நான் எப்போதும் கத்துவது இதற்குத்தான். குலுக்கினால் காற்று உள்ளே போய்விடும். குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும். அப்புறம், தேவையானதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தேன். அடுப்பில் இல்லை, வெந்நீரில்! தீப்பிடிக்கிற சரக்கு அது. சூடேறினால் வார்னிஷ் இளகி ஓடும், இருக்கிற குமிழும் மேலே வந்து உடைந்துவிடும். பிரஷ்ஷைக் கிண்ணத்தின் விளிம்பில் வழிக்கவும் கூடாது, அங்கேயும் குமிழ் பிறக்கும். உள்பக்கமாக மெல்லத் தட்டுங்கள். இப்படி ஒரு பளபளப்பு வந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்!

பழைய பூச்சை உப்புத்தாள் போட்டு மொத்தமாகத் தேய்த்துவிடலாமே என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்! இந்தக் கோல்களுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தியது சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் விளையும் டோங்கின் மூங்கில். அதை நீளவாக்கில் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டியிருப்பார்கள். மூங்கிலின் வலு முழுக்க வெளிப்புற நாரில்தான். தேய்த்தால் அந்த நார் போகும், அறுகோண விளிம்பும் மழுங்கும். பூச்சை உரிக்கச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது. பழைய கோல்களில் விலங்குத் தோல் பசைதான் போட்டிருப்பார்கள், சூடும் ஈரமும் பட்டால் அது இளகிப் பட்டைகள் பிரிந்துவிடும்.

அட, ஸ்பிரிட் சோதனையைச் சொல்லவே இல்லையே! எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். கண்ணில் படாத ஓர் இடத்தில் பஞ்சால் துளி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று ஆனால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டாலேயே இளக்கிச் சமப்படுத்தலாம். அசையாமல் இருந்தால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ். இந்தக் கோல் இரண்டாவது ரகம். அதனால் மிக நைசான ஸ்டீல் ஊலால், அதாவது பஞ்சு மாதிரி இருக்கும் எஃகு இழையால், பளபளப்பு மங்கும் வரை மட்டும் தேய்த்தேன். வழுவழுப்பான பரப்பில் புதுப் பூச்சு ஒட்டாது. கைப்பிடிக்கு மேலே செய்தவரின் பெயர் எழுதியிருக்கிறதே, அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. அந்த எழுத்து அழிந்தால் கோலின் வரலாறே போச்சு.

தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைப் பிடித்திருக்கும் பட்டு நூல் கட்டு உறுதியாக இருந்ததால் விட்டுவிட்டேன். நீங்கள் புதிதாகக் கட்டுவதானால் ஒரு துண்டு நூலில் முதலில் வார்னிஷ் தொட்டுப் பாருங்கள். பட்டு நூல் வார்னிஷைக் குடித்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, நிறம் கறுத்துவிடும். உலோக இணைப்புக்குள் மட்டும் வார்னிஷ் இறங்கக் கூடாது, அப்புறம் துண்டுகள் பூட்டாது.

இப்போது தூசியில்லாத அறையில் செங்குத்தாகத் தொங்குகிறது. நகம் அழுத்தித் தடம் விழாமல் இருந்தால், அடுத்த வீடியோவில் பூட்டி, நரம்பு கோத்து வளைத்துக் காட்டுகிறேன்.