மாமியார் வருவார், எந்தக் கிழமை?

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, டர்பன் சபையோரே, வணக்கம்.

வேலை பார்த்துக்கொண்டே முதுகலை முடிக்கக் கைகொடுப்பது நேரக் கணக்கா, வீட்டாரின் ஒத்துழைப்பா? எதிரணி அக்கா, "மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் பாதிப் பட்டம் வந்த மாதிரி" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது, நானும்தான் தட்டினேன். ஆனால் மாமியார் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அக்கா சொல்லவே இல்லையே! அதைச் சொல்ல, நேரக் கணக்கே என்று பேசும் எங்கள் அணிதான் வர வேண்டியிருக்கிறது.

நம் தென்னாப்பிரிக்காவில் முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட் 10 மணி நேர உழைப்பு. ஆக 1800 மணி. கல்யாணம், கருமாதி, காய்ச்சல் கழித்து வருடத்துக்கு 44 வாரம் படிக்க முடியும் என்று வையுங்கள். இரண்டு வருடத்தில் முடிக்க வாரம் 20 மணிக்கு மேல் வேண்டும். மூன்று வருடம் என்றால் 14 மணிக்குள் அடங்கும். "வாரம் பத்து மணி போதாதா?" என்று சேருகிறவருக்கு நான்கு வருடம் தாண்டும், வருடா வருடம் பதிவுக் கட்டணமும் தொடரும்.

அந்த 14 மணி எங்கே இருக்கிறது? வாரத்துக்கு 168 மணி. சட்டப்படி வழக்கமான வேலை நேரம் 45 வரை போகலாம். சாப்பாட்டு இடைவேளை 5, நம் புறநகர் சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்குப் போய்வர ஒரு 10, தூக்கம் 49. மிச்சம் 59. சமையல், துணி, பிள்ளைகள், பெரியவர்கள் என்று நாளுக்கு மூன்றரை மணி போனால் 34 சொச்சம். அதில் 14 போனாலும் கோயிலுக்கும் உறவுக்கும் 20 மணி நிற்கிறது.

வாரநாளில் நான்கு விடியல், நாலரை முதல் ஆறு வரை. சனி காலை ஐந்து மணி நேரம், ஞாயிறு மூன்று. விடியலில் எழுத்து வேலை மட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் அலுத்த மூளையோடு ஆய்வேட்டு அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் மறுநாள் அதை அழிப்பதே வேலையாகும். மேற்கோள் பட்டியல் சரிபார்ப்பது, கட்டுரைகளைத் தரவிறக்கி வைப்பது, இதெல்லாம் இரவுக்குப் போதும். தரவிறக்கி வைத்துவிட்டால் மின்சாரம் போனாலும் படிக்கலாம்.

"திட்டம் போட்டால் புரட்டாசி வந்து கலைத்துவிடும்" என்றார் இன்னொரு நண்பர். உண்மைதான். புரட்டாசிச் சனி என்றால் வீட்டில் பெருமாள் படையல், உறவுக்கூட்டம், பாத்திரம் கழுவவே மாலையாகிவிடும். அக்டோபரில் தேர்வும் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பும் கழுத்தை நெரிக்கும் நேரம் வேறு. ஆனால் நண்பரே, புரட்டாசி சொல்லாமல் வருகிற விருந்தாளியா? பஞ்சாங்கத்தில் இருக்கிறதே! ஆகஸ்டிலேயே அந்தச் சனிகளைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டு, வாரநாளில் ஐந்தாவது விடியலைச் சேர்க்க வேண்டும். தவறிய ஐந்து மணியை ஞாயிறன்றே ஈடுகட்டப் பார்ப்பவர் திங்களன்று அலுவலகத்தில் தூங்குவார். நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறைக் காலியாக விட்டு வைத்தால் அந்த அவதி இல்லை.

இன்னொரு பள்ளம் காத்திருப்பு. மனிதரிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதி கிடைக்கும்வரை ஒரு பேட்டிகூட எடுக்கக் கூடாது. அனுமதி வர வாரங்கள் ஆகும், திருத்தம் கேட்டால் மாதங்கள். அதற்குள் முந்தைய ஆய்வுகளை அலசும் அத்தியாயத்தை எழுதிவிட வேண்டும். ஆய்வு வழிகாட்டியிடம் ஓர் அத்தியாயம் இருக்கும்போது கையில் அடுத்தது இருக்க வேண்டும். இந்த இடத்தில் எந்த மாமியாரும் உதவ முடியாது.

கடைசியாக விடுப்பு. படிப்புக்கென்று தனி விடுப்பு நம் அடிப்படைத் தொழிலாளர் சட்டத்தில் கிடையாது. நிறுவனம் தந்தால் உண்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தை நிறுவனம் கட்டினால் எத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆண்டு விடுப்பு தொடர்ந்து 21 நாள், ஐந்து நாள் வேலைக்காரருக்கு 15 வேலைநாள். சமர்ப்பிக்கும் வருடம் அதில் பத்தை ஒதுக்கிவிடுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேசும் எதிரணி நண்பர் ஒத்துழைப்பைப் பற்றித் தாராளமாகப் பேசட்டும். அப்படியே அந்த 14 மணியை எந்தக் கிழமையில் எடுப்பார் என்றும் நடுவரிடம் சொல்லிவிடட்டும். வணக்கம்.