பட்டணத்து விலை யாருக்காக?

நேயர்களுக்கு வணக்கம். பணி ஓய்வை நெருங்குகிறவர்களின் சேமிப்புக் கணக்குகளைப் பார்த்து யோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு சேர்த்தால் போதும்?" கொஞ்ச நேரம் பேசியபின், "இந்தப் பெரிய நகரத்திலேயே இருந்துவிடலாமா, செலவு குறைந்த ஊராகப் பார்த்துப் போய்விடலாமா?" என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இன்று இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெரிய நகரத்தில் எல்லாமே விலை அதிகம் என்கிறோம். உண்மையில் எல்லாமே அப்படி இல்லை. சோப்பு, கைபேசி, மாத்திரை எல்லாம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். பெரிய வித்தியாசம் வருவது இடத்திலும் ஆள்கூலியிலும். இடத்தின் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு 1964-இல் வில்லியம் அலோன்சோ என்ற அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். வேலைகள் குவிந்திருக்கிற மையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், போய்வரும் நேரமும் செலவும் மிச்சம். அந்த மிச்சத்துக்காக மக்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், அதனால் விலை ஏறுகிறது என்றார். அப்படிப் பார்த்தால், நகரத்து வாடகையில் கணிசமான பங்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்காக நாம் கட்டுகிற கட்டணம். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அலுவலகம் கிடையாது. கட்டணம் மட்டும் தொடர்கிறது.

சரி, நகரம் தருவது வேலை மட்டும்தானா? இல்லை. மருத்துவமனை, பேருந்து, ரயில், நூலகம், கச்சேரி, நாடகம், பழகிய மனிதர்கள் எல்லாம் கூடவே வருகின்றன. இவற்றில் எதை நாம் பயன்படுத்துகிறோம் என்பதுதான் பார்க்க வேண்டியது. கடந்த ஓராண்டில் வேலையைத் தவிர வேறு எதற்காக வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். "எத்தனை அரங்குகள் இருக்கின்றன தெரியுமா!" என்று பெருமைப்படுகிறவர்களில் பலர் அந்த அரங்குகளின் வாசலை மிதித்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஓய்வு பெற்றபின் நேரம் கிடைக்கும், அப்போது போவேன் என்பார்கள். சிலர் போகிறார்கள். ஆனால் வேலையில் இருக்கும்போதே எப்படியோ நேரம் ஒதுக்கிப் போனவர்கள்தான் பிறகும் போகிறார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்து, "எனக்குச் சொந்த வீடு, வாடகை இல்லையே" என்கிறவர்கள். இவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டின் மதிப்பை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு குறைந்த ஊரில் அதே வசதியுள்ள வீடு 40 பங்குக்குக் கிடைக்கிறது. வரி, பத்திரச் செலவு, இடமாற்றம் என்று 10 பங்கு போகட்டும். மிச்சம் 50. சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தால் அது 30 ஆண்டு தாங்கும் என்று அமெரிக்காவின் பழைய சந்தை விவரங்களை வைத்து 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் கணக்குப் போட்டார். முதல் ஆண்டில் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போகலாம் என்று வந்தது. எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. நான் 3 என்றே வைத்துப் பார்க்கச் சொல்வேன். 50 பங்கில் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒன்றரைப் பங்கு.

கேட்கச் சின்னதாகத் தெரிகிறதா? உங்கள் வீட்டின் மதிப்பு உங்கள் ஆண்டுச் செலவைப்போல் 30 மடங்கு என்றால், அந்த ஒன்றரைப் பங்கு ஐந்து மாதச் செலவுக்கும் மேல். நகரத்தில் இருந்துகொண்டே இருப்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு கொடுக்கிறீர்கள். யாரும் ரசீது தருவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர் நிலைமை வேறு. வாடகை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பாகும். 60 வயதில் கொடுத்ததைப்போல் 72-இல் இரு மடங்கு, 84-இல் நான்கு மடங்கு. ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது என்றால், விலை ஏறிய நகரத்தில் வாடகை வீட்டை நம்பி முதுமையைத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இதுவரை பணம். இனி உடம்பு. இங்கே தராசு நகரத்தின் பக்கம் சாய்கிறது. ரத்தக்கட்டு அடைத்துப் பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டால் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறாரா, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். நகரவாசிகளும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. நெரிசலில் பத்து கிலோமீட்டர் என்பது சில வேளை பெரிய தூரம்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு இணக்கமான நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 33 நகரங்களின் விவரங்களைக் கொண்டு, முதியவர்கள் சொன்னதையும் கேட்டுத் தயாரித்தது அது. அதில் பெரிய விஷயங்களோடு நடைபாதை, உட்கார ஒரு பெஞ்சு, பொதுக் கழிப்பறை, சாலையைக் கடக்கப் போதிய நேரம் தரும் சிக்னல் ஆகியவையும் இடம்பெற்றன. 60 வயதில் இவை கண்ணுக்கே தெரியாது. 80-இல் ஒருவர் வெளியே போவதா வேண்டாமா என்பதை இவைதான் தீர்மானிக்கும். வண்டி ஓட்டுவதை நிறுத்தும் நாள் எல்லோருக்கும் வரும். அன்றைக்குப் பேருந்தோ ரயிலோ நடக்கும் தூரத்தில் இல்லாத ஊர், எவ்வளவு அழகாக இருந்தாலும், சிறைதான். அதேபோல, லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு நகரத்தின் நடுவில் இருந்தும் பிரயோசனமில்லை.

ஆள்கூலி என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? வயதாக ஆக நாம் பொருள் வாங்குவது குறைந்து, ஆள் உதவியை வாங்குவது கூடும். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, இரவில் கூட இருக்க ஆள் வேண்டும். நகரத்தில் அதற்குக் கூலி அதிகம். சின்ன ஊரில் கூலி குறைவுதான், ஆனால் பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பாரா? மலிவு என்று நினைத்துப் போனவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

தம்பதியாக வருகிறவர்களிடம் ஒரு சங்கடமான கேள்வி கேட்பேன். உங்களில் ஒருவர் போனபின் மற்றவர் இந்த இடத்தில் தனியாக இருக்க முடியுமா? தோட்டத்தோடு வீடு வேண்டும் என்பது ஒருவரின் ஆசையாக இருக்கும். வங்கி, மருத்துவர், தோழிகள் என்று எல்லாவற்றையும் நகரத்தில் பழகி வைத்திருப்பவர் இன்னொருவராக இருப்பார். யாருடைய ஆசைக்காகப் போகிறோம், கடைசியில் யார் அங்கே தங்கப்போகிறார் என்று இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டதே இல்லை என்று பலமுறை கண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஊரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: வேலை மாறினால் பிள்ளைகளும் இடம் மாறுவார்கள். அப்புறம், நடுவழியாக நகரத்துப் புறப்பகுதிக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். விலை முக்கால்வாசி, வசதி கால்வாசி என்று முடிகிற இடங்கள் அங்கே நிறைய. நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நகரத்திலிருந்து வெளியேறுவது எளிது, திரும்பி வருவது கடினம். விற்ற வீட்டின் விலை ஐந்தாறு வருடத்தில் எங்கேயோ போயிருந்தால் அதே பேட்டையில் மறுபடி வாங்க முடியாது. அதனால் வீட்டை உடனே விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள், அந்த வாடகையில் புது ஊரில் ஒரு வீடு எடுத்து ஓராண்டு இருங்கள். சுற்றுலாப் போகிற மாதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அந்த ஊரின் மோசமான பருவத்தையும் அங்கேயே கழியுங்கள். காய்ச்சல் வந்தால் அங்கேயே டாக்டரைப் பாருங்கள். வண்டியைத் தொடாமல் ஒரு வாரம் காலந்தள்ளிப் பாருங்கள். போவதென்றால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். புது இடத்தில் நாலு பேரைச் சம்பாதிக்கக் காலம் பிடிக்கும். 65-இல் முடிகிற அந்தக் காரியம் 78-இல் பெரும்பாடு. விற்பதா வேண்டாமா என்ற பேச்சை அந்த ஆண்டு முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம். வணக்கம்.