கேட்டைத் திறந்தா மட்டும் நெரிசல் குறையாதுங்க

வணக்கமுங்க! இன்னைக்கு நல்ல கடுப்புல இருக்கேன். கோயமுத்தூர் பாலக்காடு ரோட்டுல குனியமுத்தூர் தாண்டி வண்டி நின்னாப் போதும், 'பக்கத்து கேட்டட் கம்யூனிட்டியைத் திறந்து விடுங்க'ன்னு ஒரே பேச்சு. அதாவது மதில் கட்டி கேட் போட்ட குடியிருப்போட உள்ரோட்டுல எல்லா வண்டியும் போகட்டும்னு. திறக்கணுங்க, அதுல மாத்துக்கருத்தே இல்ல. 2016ல சீன அரசும் படிப்படியாத் திறக்கச் சொல்லுச்சு. ஆனா எண்ணிப் பார்க்காமத் திறந்தா நெரிசல் கூடும். புதுசா ஒரு வழி சேர்த்தா எல்லாருக்குமே பயண நேரம் கூடலாம்னு 1968லயே ஜெர்மன் கணித அறிஞர் டீட்ரிஷ் பிரேஸ் கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு.

உள்ரோடு மெயின் ரோட்டைத் தொடுற இடத்துல புதுசா ஒரு முச்சந்தி வந்துருதுங்க. அங்க வண்டிகள் ஒண்ணோட ஒண்ணு உரசுற புள்ளி 9. வெளிய வந்து வலப்பக்கம் திரும்பற கார், ரெண்டு பக்கமும் இடைவெளிக்குக் காத்து நிக்கும். பொறுமை போனதும் மூக்கை நுழைக்கும். வாளையார்ல இருந்து வர்ற லாரி பிரேக் அடிக்கும், பின்னாடி மொத்த வரிசையும் நிக்கும். மீடியனை, அதாவது ரோட்டு நடுத்தடுப்புல இருக்கற திறப்பை மூடி, இடப்பக்கமே நுழைஞ்சு இடப்பக்கமே வெளியேற விட்டா அந்த 9, 2 ஆயிரும்.

திறக்கறதுக்கு முன்னாடி காலையிலயும் சாயங்காலமும் 15 நிமிஷத்துக்கு ஒருக்கா எண்ணுங்க. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாத்தி, கார் 1, பைக் 0.75னு போடுங்க; மொத்த வண்டியில பைக் 10 சதவீதத்துக்கு மேல இருந்தா இந்த 0.75தான், நம்ம ரோட்டுல அதுக்கு மேலதானே. திறந்த பிறகு ரெண்டு கேட்டுலயும் நம்பர் பிளேட்டோட கடைசி நாலு எண்ணைக் குறிங்க. ரெண்டு பக்கமும் வர்ற நம்பர்தான் குறுக்கே பாயுற வண்டி.

அப்புறம் இந்த ஸ்பீடு பிரேக்கர்! எனக்குச் சுத்தமாப் பிடிக்காதது இதுதான். கேட்டைத் திறந்த மறுநாளே ஒரு முழ அகலத்துல தாரைக் குவிச்சு வைக்கிறாங்க. காரோட அடி தட்டும், ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கிறவங்க முதுகு போகும், பைக்காரன் ஓரமா வளைஞ்சு போயிருவான். முறையான அளவு இருக்குங்க: 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்துல வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம ஏறி இறங்கலாம். 10 சென்டிமீட்டரை மட்டும் பிடிச்சுக்கிட்டு 3.7 மீட்டரை விட்டா அது சுவருங்க!

ஆங், ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். முதல்ல பார்க்க வேண்டியது அங்கீகார வரைபடமும் தானப் பத்திரமும். லேஅவுட் ரோட்டை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தா அது பொதுவழி, கேட் போட்டதே தப்பு. ஒரே மனையில எழுந்த அபார்ட்மென்ட்டோட உள்வழி வேற சங்கதி. அங்க சங்கத்தோட உக்காந்து பேசணும்.

மீடியனை மூடினா யூ-டர்ன் எவ்வளவு தள்ளி வைக்கணும்? அது அடுத்த வீடியோவுலங்க.