மரத்தைவிட்டு இறங்கிய பேய்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. எழுத்தில் தரும்போது சில வாக்கியங்களை மட்டும் சீர்செய்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மேடையை அணிசெய்யும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கும் நூலகர் அவர்களே, ஆண்டுதோறும் நாற்காலிகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை வாங்க மறுத்துவரும் பந்தல் உரிமையாளர் அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு எழ மறுக்கும் குழந்தைச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் ஐயாவைப் பற்றி இந்த ஊருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒற்றுப்பிழைக்கு ஒன்று என்று கணக்கு வைத்து என் உள்ளங்கையில் பிரம்பால் இலக்கணம் எழுதியவர் அவர். இன்று அவர் கையில் பிரம்பு இல்லை, மணி இருக்கிறது. இரண்டுக்கும் எனக்கு ஒரே அச்சம்தான்.

எனக்கு அளிக்கப்பட்ட பொருள், அழகியும் மிருகமும் என்று நாம் சொல்லக்கூடிய பிரெஞ்சுக் காதல் கதையும், ‘பியூட்டி அண்டு தி பீஸ்ட்’ என்ற பெயரில் அது இசைத் திரைப்படமான விதமும். மூன்று செய்திகள் சொல்ல எண்ணுகிறேன். ஒன்று, கதை வந்த வழி. இரண்டு, பாட்டு. மூன்று, உடையும் நடனமும் காட்சியமைப்பும். மூன்றையும் முடித்துவிடுவேன் என்று செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு பழமொழி. ‘பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கைமரம் ஏறத்தான் வேண்டும்.’ என் பாட்டி ஊரில் இதையே புளியமரம் என்பார்கள். எனக்கு முருங்கைதான் சரியாகப் படுகிறது. புளியங்கிளை ஆளைத் தாங்கும்; முருங்கைக் கிளை சட்டென்று முறிந்துவிடும். பேய்க்கு விழுந்தாலும் அடிபடாது, கூட ஏறியவளுக்குத்தான் இடுப்பு ஒடியும். பழமொழியைச் சொன்னவர்கள் இதையும் யோசித்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கதையை 1740ஆம் ஆண்டில் முதலில் எழுதியவர் கேப்ரியேல்-சூசன் தெ வில்நெவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. அவர் எழுதியது ஒரு நாவல் அளவுக்கு நீண்டது. 1756இல் லெப்ரான்ஸ் தெ போமோன் என்ற மற்றொரு பிரெஞ்சுப் பெண்மணி, லண்டனில் செல்வர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்த காலத்தில், அதைச் சில பக்கங்களுக்குள் சுருக்கித் தம் மாணவியருக்கான நூலில் சேர்த்தார். உலகம் அறிந்திருப்பது இந்தச் சுருக்கத்தைத்தான். வணிகர் ஒருவர் நொடித்துப்போகிறார். பயணம் புறப்படும்போது மூத்த பெண்கள் பட்டாடை கேட்க, கடைசிப் பெண் ஒரு ரோஜாவை மட்டும் கேட்கிறாள். மிருகத்தின் தோட்டத்தில் அந்த ரோஜாவைப் பறித்ததற்கு விலையாக, தந்தையின் உயிருக்குப் பதில் மகள் அந்த மாளிகைக்குப் போகிறாள். மிருகம் இரவுதோறும் வந்து, ‘என்னை மணந்துகொள்வாயா?’ என்று கேட்கிறது. வில்நெவ் எழுதியதில் அந்தக் கேள்வி வேறு மாதிரி இருக்கும். முன்வரிசையைக் கருதி அதை விட்டுவிடுகிறேன்.

பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் மணம் பேசி முடித்த காலம் அது. அப்படி மணந்து போகவிருந்த சிறுமியருக்கு, கணவன் அழகனாகவோ அறிவாளியாகவோ இல்லாவிட்டாலும் குணத்தைப் பார் என்று போமோன் சொன்னார். சுற்றி வளைத்துப் பார்த்தால் அதுவும் நம் பழமொழிதான்: பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கைமரம் ஏறத்தான் வேண்டும். ஆனால் கதைக்குள் அவர் வேறொன்றையும் ஒளித்து வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய அறைக்குள் அவள் நுழைகிறபோது அவள் கண்ணைப் பறிப்பது பொன்னோ பட்டோ அல்ல. ஒரு பெரிய நூலகம், ஹார்ப்சிகார்டு என்னும் பியானோ போன்ற ஒரு பழைய இசைக்கருவி, சில இசை நூல்கள். ஒரு புத்தகத்தைத் திறந்தால், இங்கே நீயே அரசி, விரும்புவதைக் கேள் என்ற பொருளில் பொன்னெழுத்து. ஆக, 1756இலேயே இந்தக் கதையில் நூலகமும் இருந்தது, இசையும் இருந்தது. திரைப்படக்காரர்கள் புகுத்தியவை அல்ல இவை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். மிருகம் வருவது சரியாக இரவு ஒன்பது மணிக்கு.

இதைப் பாடுவதும் புதிதன்று. கிரெத்ரி என்னும் இசையமைப்பாளர் 1771இலேயே இதை ஓபரா என்னும் இசை நாடகமாக்கிவிட்டார். 1946இல் ழான் காக்தோ பாட்டில்லாத கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். மாளிகைச் சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு விளக்குப் பிடிக்கும் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அதைப் பற்றி மட்டுமே ஒரு மாலை பேசலாம்.

1991ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் எடுத்த கைவரைப் படத்துக்கு வருகிறேன். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்ற முதல் அனிமேஷன் படம் அதுதான். இசை ஆலன் மென்கென், பாடல் ஹோவர்ட் ஆஷ்மன். ஆஷ்மன் அப்போது எய்ட்ஸ் நோயால் நலிந்துகொண்டிருந்தார். அவரால் கலிபோர்னியாவுக்குப் போக முடியவில்லை என்பதால், படக்குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் அவர் வீடு இருந்த ஃபிஷ்கில் பக்கம் வந்து, விடுதியில் தங்கிப் படத்தை உருவாக்கினார்கள். 1991 மார்ச் 14 அன்று தம் நாற்பதாவது வயதில் அவர் இறந்தார். படம் நவம்பரில்தான் வெளிவந்தது. தலைப்புப் பாட்டுக்கு அவருக்குக் கிடைத்த ஆஸ்கரை வாங்க அவர் இல்லை. மிருகத்துக்கு ஆன்மாவைக் கொடுத்தவர் என்று படத்தின் முடிவில் அவருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறார்கள்.

அது வெறும் உபசாரமல்ல. படத்தின் தொடக்கப் பாட்டைக் கேளுங்கள். கூடையுடன் ஒரு பெண் தெருவில் இறங்குகிறாள். ரொட்டிக்காரர், முடிதிருத்துபவர், முட்டை வாங்க வந்தவர் என்று ஊரே ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் பாடுகிறது. ஐந்து நிமிடப் பாட்டுக்குள் அவள் பெயர், அவள் படிப்பு, ஊரார் ஏளனம், அவளை மணக்கத் துடிக்கும் கஸ்தோனின் அகந்தை எல்லாமே வந்துவிடுகின்றன. அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் அரைமணி நேர வசனம் எழுத வேண்டியிருக்கும். இவ்வளவு நீளமான பாட்டை அனுப்பினால் சிரிப்பார்களோ என்று ஆஷ்மனே தயங்கினார் என்று மென்கென் சொல்லியிருக்கிறார். (அந்தப் பெண்ணின் பெயர் பெல். பிரெஞ்சில் அழகி என்று பொருள். தலைவர் ஐயா மேசையில் இருக்கும் பெல்லுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பெல்லுக்கும் மிருகத்துக்கும் இடையே அன்பு முளைப்பதும் ஒரு பாட்டில்தான். பனியில் பறவைகளுக்கு இரை போடுகிறார்கள். மிருகம் குனிந்து கையில் தானியத்தை ஏந்தி நிற்க, பறவைகள் அதன் மேலெல்லாம் வந்து அமர்கின்றன. அவளும் பாடுகிறாள், அதுவும் பாடுகிறது. ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழாது. நம் படங்களில் காதலர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பாடுவார்கள். இங்கே இருவரும் தத்தம் மனத்துக்குள் முணுமுணுக்கிறார்கள். 1991 படம் முழுவதிலும் மிருகம் பாடுவது அந்தச் சில வரிகள் மட்டுமே. தலைப்புப் பாட்டைக் காதலர் யாருமே பாடவில்லை. தேநீர்க் கெண்டியாக மாறிவிட்ட ஒரு பணிப்பெண் பாடுகிறாள். தம் குரலுக்கு அது ஒத்துவராது என்று தயங்கிய ஆஞ்செலா லான்ஸ்பரி, ஒருமுறை பாடிப் பார்க்கிறேன் என்று பாடினார். அந்த ஒருமுறைதான் படத்தில் இருக்கிறது.

கஸ்தோனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போமோன் கதையில் அவன் இல்லை. பொறாமைக்கார அக்காள்கள்தான் வில்லிகள். கடைசியில் அவர்கள் சிலைகளாகிவிடுவார்கள். படத்தில் அக்காள்களை நீக்கிவிட்டு, ஊரிலேயே அழகனான ஒருவனை வைத்தார்கள். அவன் அவள் கையிலுள்ள புத்தகத்தைப் பிடுங்கி, இதில் படமே இல்லையே என்று சேற்றில் எறிகிறான். பெண் படிப்பது ஊருக்கு நல்லதல்ல என்கிறான். மிருகமோ, அவளைக் கண்ணை மூடச் சொல்லிக் கைப்பிடித்து அழைத்துப்போய், திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, மேற்கூரைவரை அடுக்கிய புத்தகங்களைக் காட்டி, இவையெல்லாம் உனக்கு என்கிறது. இவர்களில் யார் பேய் என்பதை அந்த இரண்டு காட்சிகளே சொல்லிவிடுகின்றன. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கைமரம் ஏறத்தான் வேண்டும் என்பது உண்மையானால், கஸ்தோனுக்கு வாழ்க்கைப்படுபவள்தான் ஏற வேண்டியவள்.

இங்கே எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017இல் பில் காண்டன் இயக்கத்தில் எம்மா வாட்சன் நடித்து இதே கதை நடிகர்களைக் கொண்டு மீண்டும் படமாக வந்தது. அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில், நம் நூலகத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்கு அதைத் திரையிட்டோம். திரை என்பது அண்ணாச்சி கொடுத்த எட்டு முழ வேட்டி. படம் ஆங்கிலத்தில் ஓட, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேத்தியைக் கூட்டிவந்த ஒரு பாட்டி, மறுநாள் விற்பனைக்கான முருங்கைக்கீரையை முறத்தில் உருவிக்கொண்டே சுவரோரம் அமர்ந்திருந்தார். தந்தைக்குப் பதில் மகள் சிறைக்குள் போன இடத்தில், “பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கமரம் ஏறித்தான் ஆவணும்” என்று கீரையைப் பார்த்தபடியே சொன்னார். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு நூலகக் காட்சி வந்தபோது கீரை உருவுவது நின்றுவிட்டது. “இம்புட்டும் படிக்கவா, விக்கவா?” என்று கேட்டார். நடனக் காட்சியில் முறம் தரைக்குப் போய்விட்டது. அதன்பின், தந்தைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் மிருகம் அவளைப் போகவிடுகிறதே, அந்த இடம். அவள் குதிரையில் போவதைப் பார்த்தபடி மிருகம் கோபுரத்தின் படிகளில் பாடிக்கொண்டே ஏறுகிறது. மென்கெனும் பாடலாசிரியர் டிம் ரைஸும் இந்தப் படத்துக்கென்றே எழுதிய பாட்டு. பாதிக் கோபுரம் ஏறியிருக்கும், மின்சாரம் போய்விட்டது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன் வேட்டியை இழுத்துக் கீழே போட்டான். பாட்டி மட்டும் இருட்டில் என் சட்டையைப் பிடித்து, “அந்தப் பேய் என்னா பண்ணிச்சு, அதச் சொல்லிட்டுப் போ தம்பி” என்றார். அவளை விடுதலை செய்துவிட்டது, திரும்பி வா என்றுகூடக் கேட்கவில்லை என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “அவள ஏறச் சொல்லாம அதுவே ஏறிக்கிச்சா? அப்ப அது பேயில்லப்பா. எறங்கிரும்” என்றார். நான் பல கட்டுரைகள் படித்திருக்கிறேன். 1740க்கும் 2017க்கும் இடையில் இந்தக் கதையில் நிகழ்ந்த மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. பழைய கதையில் பெண் பழகிக்கொள்ள வேண்டும். படத்தில் திருந்த வேண்டியது மிருகம்.

இருபது நிமிடத்தில் மின்சாரம் வந்தது. ஆனால் மணி ஆறரை ஆகிவிட்டது. ஆறரைக்குப் பூட்ட வேண்டும் என்பது விதி. பொறுப்பிலிருந்தவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் படத்தின் முடிவைப் பார்க்கவில்லை. அந்தப் பேத்தி இன்றுவரை பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை மிருகம் இன்னும் கோபுரத்தில்தான் நிற்கிறது.

இதனால்தான் மூன்றாண்டுகளாக நம் வட்டம் ஒன்றே ஒன்றைக் கேட்டுவருகிறது. நூலகத்தை இரவு ஒன்பது மணிவரை திறந்துவையுங்கள். உறுப்பினர் அம்மையார் மேடையில் இருப்பதால் துணிந்து சொல்கிறேன். சென்னை மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். வேலைக்குப் போய் வரும் பெண்கள் பேருந்தைவிட்டு இறங்கும்போது மணி ஏழு. அவர்கள் கண்ணில் படுவது பூட்டுதான். மிருகமே ஒன்பது மணிக்குத்தான் வந்து பேசுகிறது. அதுவரை அவளுக்குத் துணை அந்த நூலகம்தானே?

மணி அடித்துவிட்டது. மூன்றாவது செய்தியில் மஞ்சள் உடையைப் பற்றியும், 1991 படத்தின் நடன மண்டபத்தைக் கணினியில் கட்டி, கையால் வரைந்த இருவரை அதற்குள் ஆடவிட்ட வித்தையைப் பற்றியும் சொல்ல இருந்தேன். ஐயா மன்னிக்க வேண்டும், இன்னும் ஒரு வாக்கியம். மனுத்தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல் வரிசையில் இருப்பது கையெழுத்து அல்ல, கீரைக்கார அம்மாவின் கைநாட்டு. அந்த மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, பேனாவை மட்டும் யாரும் எடுத்துப்போய்விட வேண்டாம். நன்றி, வணக்கம்.