பழுதுபார்க்கும் உரிமைக்கே முதலிடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெலிங்டனிலிருந்தும் அருவங்காட்டிலிருந்தும் இந்தக் குளிரில் குன்னூர் வரை வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வான்படைக்குப் புதிய போர் விமானம் தேர்ந்தெடுக்கும்போது முதலிடம் பெற வேண்டியது அதன் பறக்கும் ஆற்றலா, அதை நாமே பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் வேகத்தையும் ரேடாரையும் ஏவுகணை எட்டும் தொலைவையும் வரிசையாக எடுத்துச் சொல்லி, வானில் எதிரி முந்திக்கொண்டால் தரையில் பட்டறை இருந்து என்ன பயன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உயிரைப் பணயம் வைத்துப் புறப்படும் விமானியின் கையில் மட்டமான கருவியைக் கொடுக்கலாம் என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை. ஆற்றலில் தேறியவை நான்கைந்து எதிரே நிற்கும்போது அவற்றுள் எதை எடுப்பது என்ற இடத்தில்தான் எங்கள் வாதம் தொடங்குகிறது.

இந்த மேடைக்குக் கூப்பிடு தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. என் தந்தை அங்குள்ள லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். சிறுமியாக நான் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகும்போது, அவர் எஞ்சினுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறங்கி நின்று, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார். கல்லாறிலிருந்து இங்கு வரையுள்ள ஏற்றம் ஏறத்தாழப் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரக்கூடியது. அந்த ஏற்றத்திற்கென்றே எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிலாளர்கள். அந்த வகை எஞ்சினை அங்கே செய்வது எப்போதோ நின்றுபோயிற்று. நம் மலை ரயில் நிற்கவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் புதிய எஞ்சின்களையே கட்டி, 2011 தொடங்கி ஒவ்வொன்றாக இந்த மலைக்கு அனுப்பிவைத்தது. எத்தனையோ ஆண்டுகள் பிரித்துப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் நம்மிடம் இருந்ததால்தான் அது முடிந்தது.

நீராவி எஞ்சினும் போர் விமானமும் ஒன்றா என்று எதிரணியினர் கேட்கக்கூடும். ஆகவே போர் விமானத்திற்கே வருகிறேன். பாகிஸ்தான் அமெரிக்காவிடம் எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டியிருந்தது. 1990-இல், பாகிஸ்தானின் அணு ஆயுதத் திட்டத்தைத் தடுக்க அமெரிக்கா கொண்டுவந்த பிரஸ்லர் சட்டத்திருத்தத்தின்படி உதவியும் விற்பனையும் நிறுத்தப்பட்டபோது, கட்டி முடித்த 28 விமானங்கள் வாங்கியவர் கைக்கு வராமல் அரிசோனா பாலைவனத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றன. ஈரானுக்கு 79 எஃப்-14 விமானங்கள் வந்து சேர்ந்திருந்தன. 1979 புரட்சிக்குப் பின் அவற்றுக்கு அமெரிக்க உதிரிப்பாகம் வருவது நின்றது. நமக்கும் இது நேர்ந்ததுண்டு. நாமே வடிவமைத்த தேஜஸ் போர் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள், 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் கருவிகளும் அங்கேயே முடங்கின. பெங்களூரில் உட்கார்ந்து அந்த வேலையை நாமே செய்து முடித்தபின், 2001 ஜனவரி 4-ஆம் நாள் தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது.

எண்ணிக்கையைப் பற்றி எதிரணி மிகவும் கவலைப்பட்டது. 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவுகள், இருக்க வேண்டிய வான்படையில், 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 விடைபெற்றபின் எஞ்சியவை 29 என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். சுகோய்-30 விமானங்களில் எந்த நேரமும் பறக்க ஆயத்தமாக இருந்தவை நூற்றுக்கு 55 முதல் 60 வரைதான், இருக்க வேண்டியது 75 என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2015-இல் அறிக்கை தந்தார். நூறு விமானங்களை வாங்கி அவற்றில் 55 பறந்தால், போருக்குப் போவது 55. எழுபத்தைந்தே வாங்கி, அவற்றில் நூற்றுக்கு எழுபத்தைந்து என்ற விகிதத்தில் பறக்க வைத்தால், போருக்குப் போவது 56. வான்படை இதை அறியாததல்ல. 2016-இல் 36 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்திட்டபோது, நூற்றுக்கு 75 எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற உறுதிமொழியையும் சேர்த்தே கேட்டு வாங்கினார்கள்.

கார்கில் போரில் வென்று தந்தது பிரான்சிலிருந்து வாங்கிய மிராஜ்தானே என்றார் எதிரணித் தலைவர். அந்த வெற்றியை நானும் போற்றுகிறேன். ஆனால் அது எப்படி வந்தது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். மிராஜ் 1980-களிலேயே நம்மிடம் வந்துவிட்டது. 1999 ஜூன் 24 அன்று டைகர் ஹில்லில் இருந்த எதிரி முகாமின் மேல் அது லேசர் குண்டு வீசியதென்றால், இஸ்ரேலியக் குறிகாட்டியையும் அந்தக் குண்டையும் அந்த விமானத்தோடு ஒத்துப்போகச் செய்யும் வேலையை, போர் நடந்துகொண்டிருந்தபோதே நம் தொழில்நுட்ப வீரர்கள் இரவு பகலாகச் செய்து முடித்ததால்தான். விமானத்தைத் திறக்கவும் மாற்றவும் அவர்களுக்கு வழி இருந்தது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் விற்றவரின் அனுமதிக்குக் காத்திருக்கும்படி அந்த விமானம் இருந்திருந்தால், அந்த ஜூன் மாதப் போர் நமக்காகக் காத்திருந்திருக்காது.

மலையிறங்கிக் கோவையைக் கடந்தால் சூலூர். தேஜஸின் முதல் ஸ்குவாட்ரனாகிய 45-ஆவது 2018-இல் அங்கே வந்தது. 18-ஆவது ஸ்குவாட்ரன் 2020-இல் அங்கேயே தேஜஸோடு தொடங்கப்பட்டது. அந்த விமானத்தின் குறையை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1983-இல் தொடங்கிய திட்டம் இவ்வளவு தாமதமானது பெரிய குறைதான். அதன் காரணத்தையும் பாருங்கள். 1961-இல் மாருத் என்ற போர் விமானத்தைப் பறக்கவிட்டு, 147 வரை கட்டினோம். அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை அமையவில்லை என்பதால், அந்த வரிசையை வளர்க்காமல் வெளிநாட்டு விமானங்களின் பக்கம் போய்விட்டோம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான் அது. கற்ற கைகள் கலைந்துபோனபின் தேஜஸை ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. இன்றும் 2021-இல் ஒப்பந்தமான 73 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணம் எஞ்சின். அமெரிக்காவிலிருந்து அதன் முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். நமதல்லாத உறுப்பில்தான் தாமதம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

2025 நவம்பரில் துபாய் வான்காட்சியில் தேஜஸ் விழுந்து, அதை ஓட்டிய விங் கமாண்டர் உயிர் துறந்தார். அவரை எண்ணி இந்த மேடையில் தலை வணங்குகிறேன். அந்த விபத்தை எங்களுக்கு எதிரான சான்றாக யாரேனும் காட்டினால், நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்த விமானத்தைக் கட்டியவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், வரைபடங்களை மேசையில் விரித்துவைத்து, கேட்க வேண்டிய எல்லாவற்றையும் வான்படை அவர்களிடம் நேருக்கு நேர் கேட்கலாம்.

வெளிநாட்டு விமானமே வாங்கக் கூடாது என்று நாங்கள் கோரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை வாங்கப் பேசும்போது, எஞ்சினின் டர்பைன் பகுதி வரை இங்கேயே பிரித்துச் சீர்செய்யும் உரிமையும், நம் அஸ்திரா ஏவுகணையை நாமே பொருத்திக்கொள்ளும் உரிமையும் முதலில் எழுத்தில் வரட்டும். வேகத்தையும் விலையையும் அதன்பின் ஒப்பிடுவோம். அந்த உரிமைகளைத் தர மறுக்கும் விமானம் எவ்வளவு உயரம் பறந்தாலும், முதல் சுற்றிலேயே அதை நீக்க வேண்டும். எனக்குப் பின் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே கேட்கிறேன். போர் தொடங்கிப் பதினோராம் நாள் இரவு, ஹேங்கரில் நிற்கும் விமானத்தில் ஒரு பாகம் பழுதாகி, அதை விற்ற நாடு தொலைபேசியை எடுக்காவிட்டால், எங்கள் ஃபிட்டர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர் இந்த அவைக்குச் சொல்லட்டும்.