பெரிய மருந்து கம்பெனியில் சேரப் போகிறவர்களுக்கு

(பி.பார்ம் இறுதியாண்டு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று உங்கள் பேராசிரியர் சொன்னார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பதினேழு வருஷம் ஒரு பெரிய மருந்து கம்பெனியின் கியூசி லேபில், அதாவது மருந்தின் தரத்தைச் சோதிக்கும் இடத்தில், வேலை பார்த்தேன். மனசு நிறைந்த நாளும் உண்டு, வயிறு எரிந்த நாளும் உண்டு.

முதல் நாள் உங்களுக்குப் புதுசாக இருப்பது உடை மாற்றும் அறை. வளையல், தோடு, பூ, பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் உற்பத்திப் பகுதிக்குள் போக முடியும். மேலங்கி, தொப்பி, மாஸ்க், கையுறை எல்லாம் போட்ட பிறகு கண் மட்டும்தான் தெரியும். கண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உள்ளே போய்விட்டால் மேனேஜரும் ஹெல்ப்பரும் ஒரே கோலம். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சம்பளம், பி.எஃப், இன்சூரன்ஸ், கம்பெனி பஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. எங்கள் லேபில் யாரும் அதைக் கெஞ்சி வாங்கவில்லை. அதற்கு முன் நான் இருந்த சின்ன யூனிட்டில், பிரசவ விடுப்பு கேட்ட தோழியை வேலையை விட்டே நிற்கச் சொன்னார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய லாபம், நம் வேலை எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்பது. 2001இல் நம் நாட்டு மருந்து கம்பெனியான சிப்லாவின் யூசுப் ஹமீத், ஹெச்ஐவிக்கான மூன்று மருந்துக் கூட்டை ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். பன்னாட்டு கம்பெனிகளின் விலை அப்போது 10,000 டாலருக்கு மேல். பேப்பரில் வந்தது அவர் பெயர்தான். ஆனால் அந்த மாத்திரைகளைச் செய்யவும் சோதிக்கவும் ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் நின்றிருப்பார்கள் இல்லையா? நீங்கள் அந்த இடத்தில் நிற்கப் போகிறவர்கள்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம். இருக்கக்கூடிய வரம்பு 0.1 சதவீதம். சிரப்பில் சேர்க்க வாங்கிய கரைப்பானை ஒரு தடவை சோதித்திருந்தால் போதும், பிடிபட்டிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

அது சின்ன கம்பெனி, பெரிய இடத்தில் இப்படி நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ரான்பாக்ஸி அப்போது நாட்டின் முன்னணி மருந்து கம்பெனிகளில் ஒன்றாக இருந்தது. 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. சோதனைத் தரவுகளில் நடந்த பொய்யை வெளியே சொன்னவர் அங்கேயே வேலை பார்த்த தினேஷ் தாக்கூர்.

என் அனுபவம் அவ்வளவு பெரியதில்லை. ஒரு நைட் ஷிப்டு. பிரஷர் மாத்திரை ஒன்றை ஹெச்பிஎல்சியில், அதாவது மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் மெஷினில், ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாசுப் பொருளின் வரம்பு 0.2 சதவீதம். திரையில் வரைபடத்தில் அந்த மாசுக்கான சின்னச் சிகரம் எழும்பி நிற்கிறது, 0.27. மணி இரண்டரை. காலை ஆறு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "இன்னொரு தடவை இன்ஜெக்ட் பண்ணிப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். வரம்புக்குள் வரும்வரை ஓட்டிப் பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் நோட்டில் வந்த எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, ரிசல்ட் வரம்பைத் தாண்டினால் நிரப்ப வேண்டிய ஓஓஎஸ் ஃபார்மை எடுத்தேன். கை நடுங்கியது.

லாரி போகவில்லை. ஒன்பது நாள் விசாரணை. ட்ரையரில் துகள்கள் அதிக நேரம் சூட்டில் கிடந்தது தெரிந்து, அந்த பேட்ச் முழுவதையும் ரிஜெக்ட் செய்தார்கள். எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் க்யூஏ துறை கடைசிவரை என் பக்கம் நின்றது. பெரிய கம்பெனியின் பலம் அதுதான். நான் தனியாக 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு ஃபார்ம், ஒரு நடைமுறை, ஒரு துறை என்னோடு சேர்ந்து சொன்னது. அந்த வருஷ அப்ரைசலில் மட்டும் 'சராசரி' என்று வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம், ஒரே மெஷினில் ஐந்து வருஷம் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டாவது வருஷமே உற்பத்திக்கோ க்யூஏவுக்கோ மாற்றிக் கேளுங்கள். நைட் ஷிப்டு உடம்பைப் படுத்தும், அதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்டர்வியூ முடியும்போது, "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். "ரிசல்ட் வரம்பைத் தாண்டினால் இங்கே முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்? ரீடெஸ்டுக்கு யார் அனுமதி தருவார்கள்?" என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் நடைமுறையைக் கடகடவென்று சொல்வார்கள். மழுப்பினால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே வேலை பார்க்கும் உங்கள் சீனியர் யாருக்காவது ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேளுங்கள்.